நகம் தட்டும் கோடு

தெற்கு வாள் மரபுக் காப்பு ஆணையத்தின் முன்வாசல் இரும்புக் கதவு திறக்காது. பூட்டு எதுவும் போடவில்லை. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று ஒரு மேலதிகாரி சொல்லப்போக, அதை வெல்டிங் வைத்து நிரப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வாளோடு வருகிறவர்கள், மனுவோடு வருகிறவர்கள், வெயிலுக்கு ஒதுங்க வருகிறவர்கள் எல்லோரும் பக்கத்துச் சந்தில் நுழைந்து, கேன்டீன் அடுப்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பிலிப்பைன்ஸின் தெற்கில் இருக்கும் சம்போவாங்கா ஊர்க்காரர்கள் இதை விசித்திரமாக நினைப்பதில்லை. கதவு மிகவும் பலமானது என்று மட்டும் சொல்வார்கள்.

அந்தச் சந்து வழியாக ஒரு காலையில், கடற்பாய்த் துணியில் சுற்றிய நீளமான ஒன்றைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு டாக்டர் பசாலுத்தீன் வந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். மனைவி ஹைரா இறந்துவிட்டாள். ஒரே மகள் நுர்மினா கடலுக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் சண்டகானில் நர்ஸ். அடுத்த மாதம் அவளுக்கு அங்கேயே கல்யாணம். துணிக்குள் இருந்தது ஒரு கலிஸ், அலை அலையாக வளைந்த அலகுள்ள வாள். பசாலின் குடும்பத்தில் ஐந்தாறு தலைமுறையாக இருப்பது. அது கல்யாணத்துக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் பழைய வாள் எதுவும் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் துறைமுகத்தைத் தாண்டக் கூடாது.

வாள் இல்லாமல் கல்யாணம் நடக்காதா என்று கேட்கலாம். நடக்கும். ஆனால் மணி அடிக்காது. அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு கலிஸ் எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய கலிஸ் ஒரே இரும்பு அல்ல. அலகு ஒன்று. அதன் அடியில், கைப்பிடிக்குச் சற்று முன்னால், ஒரு பக்கம் யானைத் தும்பிக்கை போல மூக்கு நீட்டிய அடித்தகடு இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் காய்ச்சி அடித்து, அலகின் வாலைத் தகட்டின் துளைக்குள் நுழைத்து, அப்படியே கைப்பிடிக்குள் செலுத்தி, அரக்கு ஊற்றி இறுக்குவார்கள். ஆணியும் கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு நேராக ஓடி, தகட்டின் முனைக்குப் பக்கத்தில் சரிந்து இறங்கும். பிற்காலத்தில் அவசரக்காரக் கொல்லர்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக அடித்துவிட்டு, அந்த இடத்தில் உளியால் ஒரு கோடு கீறிவிட்டார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெருவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் கீறல் கோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். உண்மையான கோட்டில் ‘ட்டிக்’ என்று தட்டும்.

பசாலின் குடும்பத்தில் இந்தச் சோதனையே சடங்காகிவிட்டது. மணப்பெண் வாளை உறையிலிருந்து நாலு விரல் உருவி, கோட்டின் மேல் நகத்தை இழுத்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி “தட்டுச்சு” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கூலிந்தாங்கன் என்னும் வெண்கல மணி வரிசையில் முதல் அடி விழும். பசாலின் அம்மா அப்படிச் சொன்னவள். ஹைராவும் சொன்னாள். அன்று சாயங்காலமே அவரிடம், “ரெண்டும் ரெண்டாவேதான் இருக்கு, பார்த்தீங்களா? ஆனா பிரிஞ்சு விழல” என்றாள். அவள் வாளைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று பசால் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் அப்போது குடியிருந்த ஹோலோ நகரம் சண்டையில் எரிந்த வருஷம் பசாலின் அப்பா இந்த வாளைப் பாய்த்துணியில் சுற்றிப் புதைத்தார். மறுபடி தோண்டி எடுத்து ஹைராவின் கல்யாணத்துக்கு ஒப்பேற்றியதோடு சரி. துரு உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருந்தது. ஹைரா போன பிறகு, பேச ஆள் இல்லாத வீட்டில், பசால் அதை மேஜைமேல் வைத்து உட்கார்ந்தார். எண்ணெயில் ஊறப்போட்டார். பற்காறை சுரண்டும் கொக்கியால் துருவைச் சுரண்டினார். கைப்பிடியை இளஞ்சூட்டில் காட்டி, இளகிய பழைய அரக்கைத் தோண்டி எடுத்தார். அலகை அணைத்துப் பிடிக்கும் பித்தளைக் கவ்வி ஒன்று தொலைந்திருந்தது. கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி செய்வது போலவே மெழுகில் உரு எடுத்து, மண்ணில் பொதித்து, மெழுகை உருக்கி ஓட்டிவிட்டு, அந்தக் குழியில் வெள்ளியை ஊற்றி வார்த்தார். கைப்பிடியின் தலை காக்கட்டுவாக் கிளி வடிவம். அதன் மூக்கு உடைந்திருந்தது. பொய்ப்பல் செய்யும் பசையால் அதையும் கட்டிக்கொடுத்தார். கடைசியில் கலமான்சி எலுமிச்சையை இரும்பில் தேய்த்தபோது, மடித்து மடித்து அடித்த பழைய இரும்பின் ரேகைகள், ஓடை நீரைப் போல, மெல்ல மேலே வந்தன. “வாயத் திற… கொஞ்சம் வலிக்கும்… அவ்வளவுதான்” என்று தன்னையறியாமல் வாளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

சண்டகானிலிருந்து தினமும் போன் வரும்.

“சாப்பிட்டியாப்பா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன?”

“தியுலா இத்தும். கறி நல்லா வெந்திருந்துச்சு.”

அடுப்பு பற்றவைக்காத வீட்டில் நின்றுகொண்டுதான் அந்தக் கறுப்புக் குழம்பைப் பற்றிச் சொல்வார். குரலில் எதுவும் தெரியாது. நோயாளியிடம் “வலிக்காது” என்று ஆயுசெல்லாம் சொல்லிப் பழகிய குரல்.

ஆணையத்தில் அவரை எதிர்கொண்டவள் செயலாளர் மேடம் ஜமீலா. துணியைப் பிரிக்கப் போனவரைத் தடுத்தாள்.

“ஐயையோ, டாக்! இங்க பிரிக்கக் கூடாது. ஆய்வு நிகழ்ச்சியிலதான் பிரிக்கணும்.”

“ஒரு நிமிஷம் பார்த்தா போதும் மேடம். நகத்தால இழுத்தாலே தெரிஞ்சுரும்.”

“நிகழ்ச்சி இல்லாம எப்படி டாக் பார்க்கறது? ஃப்ளெக்ஸ் அடிக்கணுமே.”

ஆணையத்தில் எதுவும் சும்மா நடக்காது, நிகழ்ச்சியாகத்தான் நடக்கும். நிகழ்ச்சி என்றால் சுவரை மறைக்கும் ஃப்ளெக்ஸ் பேனர். அதில் தலைவர் அட்டர்னி பெரல்டாவின் முகம் பெரிதாகவும், உறுப்பினர்களின் முகங்கள் சம்பள வரிசைப்படி சிறிதாகவும் இருக்கும். மூலையில் ஒரு வாள் படமும் உண்டு. பசாலுக்காக அடித்த பேனரில் இருந்தது ஏதோ ஜப்பானிய வாள்.

“இது நம்ம ஊர் வாள் இல்லையே?” என்றார் பசால்.

“இருக்கற படத்துல இதுதான் பளிச்சுன்னு இருந்துச்சு டாக்” என்றாள் ஜமீலா.

முதல் நிகழ்ச்சி பிரார்த்தனையில் தொடங்கியது. பிறகு தேசிய கீதம், நகர கீதம், ஆணையத்தின் கீதம். வரவேற்புரை வந்தது. வரவேற்புரை ஆற்றியவரைப் பாராட்டி ஓர் உரை. எல்லோருக்கும் தூக்கம் வந்ததால் எழுந்து நின்று கைகால் உதறும் ஆட்டம். உட்கார்ந்தால் மறுபடி தூக்கம் வருமென்று இன்னொரு ஆட்டம். அதன் பிறகு தலைவர் பெரல்டா மைக்கைப் பிடித்தார்.

“பத்து வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வாளைக்கூட நான் தொட்டதில்ல!” என்றார். கைதட்டல். “தொட்டா பிடிச்சுப் போயிரும். பிடிச்சுப் போனா பாரபட்சம் வந்துரும். அதனாலதான் வாளைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தரைக்கூட இந்த ஆணையத்துல நாங்க சேர்த்துக்கல. தெரிஞ்சவனுக்கு ஒரு கருத்து இருக்கும். கருத்து இருக்கறவன் எப்படி நடுநிலையா இருப்பான்?”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பசாலும் எழுந்தார், அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்காது.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. வாளைப் பிரிக்க நேரமில்லை. ஆனால் வந்திருந்த எல்லோருக்கும் சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் உண்டு. பசாலுக்கும் ஒன்று. பாதுகாவலருக்கு ஒன்று. பந்தி நடுவே ஜமீலா அவர் தட்டில் பஞ்சித் நூடுல்ஸை அள்ளி அள்ளி வைத்தாள்.

“என்ன டாக் இது, கிளி கொத்தற மாதிரி? நல்லா சாப்பிடுங்க. வீட்ல யார் சமைக்கறா?”

“ஆள் இருக்கு” என்றார் பசால்.

அன்று சாயங்காலம் போனில் “சாப்பிட்டேன்” என்று சொன்னது மட்டும் உண்மை. அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

இரண்டாம் நிகழ்ச்சியில் வாளைப் பிரித்தார்கள். அதற்குத் தனி பேனர். ஆளாளுக்கு வாளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பெரல்டா கையுறை போட்டு, தொடாமல், குனிந்து பார்த்தார்.

“டாக், இதென்ன இந்தக் கோடு?”

பசாலின் முகம் மலர்ந்தது. யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று ஹைரா போன நாளிலிருந்து காத்திருந்தவர் அவர். அலகு வேறு, அடித்தகடு வேறு, வால் எப்படி நுழைகிறது, அரக்கு எப்படிப் பிடிக்கிறது, கோடு ஏன் முனையில் சரிகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மேஜைமேல் இருந்த ஒரு ரொட்டியையும் கரண்டியையும் வைத்துச் செய்தும் காட்டினார்.

பெரல்டா பொறுமையாகக் கேட்டார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“டாக் தன் வாயாலயே ஒத்துக்கிட்டார். வாள் ரெண்டு துண்டா இருக்கு.”

“துண்டு இல்ல சார். அப்படித்தான் செய்வாங்க.”

“எப்படிச் செஞ்சாலும் விரிசல் விரிசல்தான் டாக். ஒண்ணு நான் கேக்கறேன். தெற்கு மண்ணு ஏற்கனவே எத்தனை துண்டாக் கெடக்கு? தீவு தீவாக் கெடக்கு, மொழி மொழியாக் கெடக்கு. இதுல நம்ம வாளும் ரெண்டா இருக்குன்னு அயல்நாட்டுக்காரன் பார்க்கலாமா? இந்த ஆணையத்தோட கொள்கை என்ன?”

“ஒற்றுமை!” என்றது கூட்டம்.

“பிரிவினைக்கு ஆதரவா ஒரு வாளை நான் எல்லை தாண்ட விடமாட்டேன்!” கைதட்டலில் பேனர் நடுங்கியது. “வாள் நம்ம பராமரிப்புப் பிரிவுக்குப் போகட்டும். ஆராயட்டும்.”

பசால் எழுந்து நின்றார். வாளைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மனசு சொன்னது. ஜமீலா பக்கத்தில் வந்து மெதுவாக, “சண்டை போடாதீங்க டாக். அவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். அடுத்த வாரம் நீங்களே சிறப்புரை குடுங்களேன். ‘பழைய கலிஸை அடையாளம் காண்பது எப்படி’. சாப்பாடு நம்மளோடதான்” என்றாள்.

சிறப்புரை. எத்தனை பேர் உட்கார்ந்து கேட்பார்கள். பசால் வாளை விட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் சத்தம் கேட்டது. தன் குரல்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நுர்மினா போனில், “என்னப்பா, குரல் கட்டியிருக்கு?” என்று கேட்டாள்.

“பேசிப் பேசித்தான்.”

“யார்கூட?”

“நிறைய பேர் இருக்காங்க” என்றார். வரப்போகும் கூட்டத்தை நினைத்துக்கொண்டு சொன்னதால் அது பொய் என்று அவருக்கே தோன்றவில்லை.

உரை நாளில் அரங்கு நிறைந்திருந்தது. பசால் அட்டையில் பெரிதாக வெட்டிய அலகையும் அடித்தகட்டையும் கொண்டுவந்திருந்தார். ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துக் காட்டியபோது முன்வரிசையில் ஒருவர் “அட!” என்றார். அந்த ஒரு ‘அட’ போதும் பசாலுக்கு. அவர் குரல் உயர்ந்தது.

“இந்தக் கோடுதான் வாளுக்கு வயசு சொல்ற இடம். கோடு இருந்து நகம் தட்டினா பழசு. தட்டலேன்னா புதுசு.”

அப்போது விளக்குகள் மங்கின. மறுபடி எரிந்தன. கட்டடத்துக்குப் பின்னாலிருந்து எங்கோ ‘சர்ர்ர்’ என்றொரு சத்தம்.

“கரண்டு” என்றாள் ஜமீலா. “நீங்க சொல்லுங்க டாக்.”

“அதனால வாளைச் சுத்தம் பண்றவங்க எது செஞ்சாலும் செய்யலாம். துருவை எடுக்கலாம், கைப்பிடி மாத்தலாம். ஆனா இந்தக் கோட்டை மட்டும்…” விளக்கு மங்கியது. “இந்தக் கோட்டை மட்டும் மூடவே கூடாது.” விளக்கு எரிந்தது. “மூடிட்டா…” மறுபடி மங்கியது. சத்தம் இந்த முறை கொஞ்ச நேரம் நீடித்தது. பசால் இருட்டில் காத்திருந்தார். “மூடிட்டா, அப்புறம் அதைத் திரும்பக் கொண்டுவர யாராலயும் முடியாது.”

கைதட்டல் ஓயவே இல்லை. ஆணையத்தின் பெயர் போட்ட காப்பிக் குவளை ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். முன்வரிசையில் ‘அட’ சொன்னவர் வந்து கைகுலுக்கி, “ரொம்ப நல்லாப் பேசினீங்க. எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பின்பல்லு கொஞ்ச நாளா ஆடுது…” என்று வாயைத் திறந்து காட்டினார்.

கேன்டீன் வாசலில் தியோ தோரோ நின்றுகொண்டிருந்தார். பராமரிப்புப் பிரிவு என்பது அவர்தான். நெற்றியில் கறுப்புக் கண்ணாடி, கையில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய வாள்.

“டாக், முடிச்சாச்சு! பாருங்க. நம்ம முன்வாசல் கதவுக்கு வச்ச அதே வெல்டிங் ராடுதான். நூறு வருஷத்துக்கு அசையாது.”

பசால் துணியை விலக்கினார். அலகும் தகடும் சேரும் இடம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. தேய்க்கும் சக்கரம் போன பாதை நெடுக, கலமான்சிச் சாற்றில் மேலே வந்த ரேகைகளும் போயிருந்தன. நகத்தை வைத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. திருப்பி, மறுபக்கம் இழுத்தார். அங்கும் வழுக்கியது. அடைத்த பல்லைத் தோண்டலாம். அடைப்பு வேறு, பல் வேறு. ஆனால் வெல்டிங் அடைப்பதில்லை. இரண்டு பக்கத்து இரும்பையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. அங்கே தோண்டி எடுக்க எதுவும் இல்லை. பசாலுக்கு அது தெரியும். தெரிந்தும், கல்யாண நாள் வரைக்கும் ஒருநாள் விடாமல் இழுத்துப் பார்க்கப்போகிறோம் என்பதும் தெரிந்தது.

“என்ன டாக், பிடிக்கலையா?” தியோ தோரோவின் முகம் வாடிவிட்டது. “சின்ன வேலை டாக், கண்ணே போயிருச்சு. அவ்வளவு மெல்லிசு.”

“நல்லா செஞ்சிருக்கீங்க” என்றார் பசால். அவர் குரலில் எதுவும் தெரியவில்லை.

தலைவரின் அறையில் தீர்ப்பு சொல்லப்பட்டது. அது ஒரு சிறு நிகழ்ச்சி; பேனர் வாசலில் மட்டும்.

“டாக், உங்க உரையை நான் வார்த்தை விடாம கேட்டேன்” என்றார் பெரல்டா. “கோடு இருந்தா பழசு, இல்லேன்னா புதுசு. சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“இதுல கோடு எங்க?”

“சார், நீங்கதான மூட வச்சீங்க…”

“நாங்க என்ன பண்ணோம்ங்கறது வேற விஷயம். அதுக்குத் தனி நிகழ்ச்சி வைக்கணும். இப்ப கையில இருக்கறதைப் பேசுவோம். நிபுணரோட அளவுகோல்படி இது புது வாள். புது வாளுக்கு எங்க அனுமதியே தேவையில்ல. எடுத்துட்டுப் போகலாம்!” நாற்காலியிலிருந்து எழுந்து கையை நீட்டினார். “பாருங்க டாக். நீங்க எதுக்கு வந்தீங்களோ அது கெடச்சிருச்சு. ஆணையம் மக்களுக்கு இடைஞ்சல்னு வெளியில பேசறாங்களே, அவங்களுக்கு நீங்க சொல்லணும்.”

பசால் அந்தக் கையைப் பற்றிக் குலுக்கினார். பின்னால் யாரோ படம் எடுத்தார்கள்.

துறைமுகத்தில் சோதனை அதிகாரி வாளை உருவி, பளபளப்பைப் பார்த்து, “புதுசா? எங்க வாங்கினீங்க?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கப்பலில் பசால் மேல்தளத்தில் கம்பியோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குடும்பம் பாயை விரித்துச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தது. “வாங்க ஐயா, சாப்பிடலாம்” என்று அந்த வீட்டுப் பெரியவர் கூப்பிட்டார். “சாப்பிட்டாச்சு” என்றார் பசால். பையில் ஆணையத்தின் குவளை இருந்தது. வீட்டில் விட்டுவரத்தான் நினைத்தார். மகளிடம் காட்ட ஊரிலிருந்து வேறு எதுவும் இல்லை.

நுர்மினா மஞ்சள் பட்டில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார், கூட வேலைபார்க்கும் நர்ஸுகள், சண்டகானில் குடியேறிய ஹோலோ ஊர்க்காரர்கள் என்று பந்தல் நிறைந்திருந்தது. மூலையில் கூலிந்தாங்கன் மணி வரிசைக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு குச்சிகளையும் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். பசால் வாளை உறையோடு மகளின் மடியில் வைத்தார். சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். அவளைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. பிடித்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது தெரியாது.

அவள் காக்கட்டுவாவின் தலையைப் பிடித்து நாலு விரல் உருவினாள். சின்ன வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் எத்தனையோ முறை உருவி, அந்தக் கோட்டில் நகத்தைத் தட்டித் தட்டி விளையாடியவள். கண்ணை மூடிக்கொண்டே இடம் காட்டுவாள். பெருவிரல் நகத்தை வைத்து இழுத்தாள்.

நகம் நிற்காமல் போனது. பசால் பார்த்தார்.

அவள் இன்னொரு முறை இழுக்கவில்லை. குனிந்து, அந்த வழவழப்பான இடத்தை ஒரு கணம் பார்த்தாள். ஒட்டவைத்த கிளி மூக்கைப் பார்த்தாள். வெள்ளிக் கவ்வியைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி, “தட்டுச்சு” என்றாள்.

மணிகள் ஒலிக்கத் தொடங்கின. எல்லோரும் சிரித்தார்கள், யாரோ அரிசி தூவினார்கள். பசால் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். குழைவு இல்லை, நடுக்கம் இல்லை, எதுவும் தெரியாத குரல். தினமும் போனில் “சாப்பிட்டேன்” என்று அவர் சொல்லும் அதே குரல்.